பிழைத்த சொல்

ட்ரோம்ஸோவில் டிசம்பர்.
சூரியன் போன வாரமே விடுப்பில் போய்விட்டது.
அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை:
'வெளியேற்றம்' என்ற சொல் இனி வேண்டாம்,
'துணையுடன் திரும்புதல்' என்க.
காரணம் நான்கு பக்கம்.
கண்ணியம் என்ற சொல் பதினோரு இடத்தில்.

சூல்ஃப்ரிட் படித்தாள். எழுந்துபோய்க் காபி போட்டாள்.
ஆயிரத்து நாற்பத்திரண்டு இடங்களில்
அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது.
மாறிகளில், ஃபங்ஷன்களில், அட்டவணைத் தலைப்புகளில்,
என்றோ எவரோ தூக்கக் கலக்கத்தில் எழுதிய குறிப்புகளில்.

கம்பைலருக்குப் பெயர்கள்மேல் பற்றில்லை.
வெளியேற்று என்றாலும் சரி, வெண்ணெய் என்றாலும் சரி,
எல்லா இடத்திலும் அதே பெயரா என்று பார்க்கும், அவ்வளவே.
ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால்
ஊரைக் கூட்டும்.

அமைச்சகமும் ஏறக்குறைய அப்படித்தான் என்று நினைத்தாள்.
நினைத்த மறுகணம் வெட்கப்பட்டாள்.

ஏனென்றால் அவள் அம்மாவைப் பள்ளியில்
ஒரு சொல்லால் அழைத்தார்கள்.
(அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.)
வருகைப்பதிவில் பேருக்குப் பக்கத்தில்
வாத்தியாரே அதைச் சிவப்பு மையில் குறித்திருந்தார்.
ஒரு நாள், ஏதோ சட்டம், யாரோ குமாஸ்தா,
சொல் மாறியது.
கல்லெறி மறுநாளே நின்றுவிடவில்லை.
ஆனால் எறிகிறவன்
என்ன சொல்லிக்கொண்டு எறிவது என்று
ஒரு கணம் தயங்கவேண்டியிருந்தது.
அந்த ஒரு கணத்தில்
அம்மா ஓடி வீடு வந்துசேர்ந்தாள்.

மாற்றினாள்.
சோதனைகளை ஓட்டினாள். முந்நூற்றுப் பதினெட்டும் பச்சை.
விமானச் சீட்டு அதே தேதிக்கு, அதே விடியற்காலைக்கு.
இருபுறமும் காவலர்களுக்கு இருக்கை, நடுவில் ஒருவருக்கு.
முன்பு நடந்தது இப்போதும் நடக்கிறதா
என்பதுதான் சோதனையின் கேள்வி.
நடக்கிறது.
ஆகவே சரி.

வாட்ஸோவில், மீன் ஆலைக்கு மேல்மாடியில்,
ஹப்தோமுக்கு மூன்று கடிதங்கள் போயின.
'தங்கள் துணையுடன் திரும்பும் பயணம் திட்டமிடப்படுகிறது.'
அகராதியை எடுத்துப் பார்த்தார்.
துணை. திரும்புதல். பயணம்.
ஒன்றுகூடக் கெட்ட சொல் இல்லை.
நன்றி சொல்லிப் பதில் எழுதினார்:
இப்போது பயணம் வசதிப்படாது,
ஆலையில் மீன் வரத்து அதிகம்,
கோடையில் பார்க்கலாம்.
தவிர, எனக்குத் துணை யாரும் இல்லை,
இன்னும் மணமாகவில்லை.

பதில் கோப்பில் சேர்ந்தது.
ஒத்துழைப்பு என்ற கட்டத்தில்: உண்டு.

நான்காவது கடிதம் வேறொரு மூலையிலிருந்து புறப்பட்டது.
அங்கே பழைய சொல் முறிந்து கிடந்தது,
'வெளி' ஒரு வரியில்,
'யேற்றம்' அடுத்த வரியில்.
தேடல் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தது.
அச்சில் இரண்டும் ஒட்டிக்கொண்டன:
தங்கள் வெளியேற்றம், மார்ச் பதினான்கு, காலை ஆறு மணி.

தொலைபேசியில் எட்டாம் எண்ணை, பிறகு மூன்றாம் எண்ணை அழுத்தி,
நாற்பது நிமிடம் பியானோ கேட்டு,
அவர் எப்படியோ அவளிடம் வந்துசேர்ந்தார்.
"இந்தக் கடிதம் புரிந்தது," என்றார்.
"வக்கீலைப் பார்த்துவிட்டேன்.
மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதாம்."
பிறகு, குறை சொல்லும் குரலில் அல்ல,
தெரிந்துகொள்ளும் ஆசையில்:
"முந்தைய மூன்றையும் எழுதியவர் வேறு ஆளா?"

அவள் படிவத்தைத் திறந்தாள்.
பிழை எண் 5571.
விவரம்: பழைய சொல் ஓரிடத்தில் பிழைத்திருக்கிறது.
திருத்த ஆகும் நேரம்: இரண்டு நிமிடம்.
முன்னுரிமை என்ற இடத்தில் விரல் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
போன தெருவிலேயே திரும்பவும் போனது.

'குறைவு' என்று இட்டாள்.

அச்சு வரிசையில் இன்னும் நாற்பத்தோரு கடிதங்கள்.
கீழ்த்தளத்தில் இயந்திரம்
தாளை இழுக்கத் தொடங்கும் சத்தம்.